ஐம்பத்தைந்து நிமிடமும் இரண்டு தலையணைகளும்

மேற்குத் தாம்பரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

கண்ணியத்திற்குரிய ஜனாப் அக்தர் அவர்களுக்கு, தாம்பரம் மெத்தைக்கடை அத்தாவுல்லா மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் துணைவியார் ரூக்சார் அவர்களும் பிள்ளை தௌசிபும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் என் மனைவி மெஹர் பானுவும் மகள் மெஹ்ரீனும் அல்லாஹ்வின் கிருபையால் உடல்நலத்தோடு இருக்கிறோம். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது.

கடிதத்தின் தலைப்பில் முதலில் ‘அன்புள்ள சம்பந்திக்கு’ என்றுதான் எழுதினேன். எழுதி முடித்த பிறகு அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடித்துவிட்டு எழுதினால் மரியாதையாக இருக்காது என்று வேறு தாள் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து உங்களுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான். அன்று நான் உங்களைப் பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் போனையே தூக்கிக் காவிரியில் போட்டிருப்பார்கள். ஆனால் நடந்தது என்னவென்று முழுவதும் தெரிந்துகொண்ட பிறகு என்னைத் திட்டினால் அது இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு மெஹ்ரீனைப் பார்க்க வந்தீர்கள். எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. தௌசிப் அடக்கமான பிள்ளை, கட்டட இன்ஜினீயர் என்பதெல்லாம் இருக்கட்டும், எங்கள் வீட்டுத் திவானில் உட்கார்ந்த உடனே கையால் அமுக்கிப் பார்த்து, “இது அசல் இலவம்பஞ்சுதானே மாமா?” என்று கேட்டானே, அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபோம் தவிர வேறெதுவும் தெரியாது. மீதிப் பாதியும் விழுந்திருப்பேன், என்னுடைய நிபந்தனை ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். “ஒரே பொண்ணு. ஒரு மணி நேரத்துல போய்ப் பார்த்துட்டு வர்ற தூரத்துலதான் குடுக்கிறதா இருக்கேன்” என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் மனத்தில் இருந்தது குரோம்பேட்டை, மிஞ்சிப்போனால் வண்டலூர். நீங்களோ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு யோசனையும் இல்லாமல், “அப்ப திருச்சி சரியா பொருந்துது. ஃப்ளைட்ல ஐம்பத்தஞ்சு நிமிஷம். மிச்சம் அஞ்சு நிமிஷத்துல நீங்க வெத்தலை போட்டுக்கலாம்” என்றீர்கள். ரோட்டில் போனால் ஆறு மணி நேரமாகிறதே என்றேன். “ரோடு வளைஞ்சு வளைஞ்சு போவுது. வானத்துல ஏதுங்க வளைவு? காக்கா பறக்கிற மாதிரி நேர்கோடு போட்டா முன்னூறு கிலோமீட்டர்கூட வராது” என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று உங்களை அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. மெஹர் பானு சொன்னாள்: “என்னங்க, யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு ஒரு மாசமா மோட்டுவளையைப் பார்த்துகிட்டு உட்கார்ந்திருக்கீங்க. ஒரு தடவை ஃப்ளைட்டுல போய்ப் பார்த்துட்டு வாங்களேன். ஐம்பத்தஞ்சு நிமிஷமா இல்லையான்னு தெரிஞ்சிடப்போவுது.” எனக்கும் அது சரியாகப் பட்டது. பொழிச்சலூர், பம்மல் பக்கமெல்லாம் விமானம் வீட்டு ஓட்டை உரசுகிற மாதிரி இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் ஏறியது கிடையாது. உங்களிடம் சொல்லாமல் கிளம்பி, திடீரென்று வாசலில் வந்து நிற்க வேண்டும், கையோடு கடிகாரத்தைக் காட்ட வேண்டும் என்று திட்டம். வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் என் கையாலேயே பஞ்சு அடைத்து இரண்டு தலையணைகள் தைத்தேன். முதல் தரப் பஞ்சு. அரசருக்குக்கூட நான் அந்தப் பஞ்சைக் காட்டமாட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் பக்கத்துப் பைப் கடை தினகரன் வந்தார். அவர் ஒரு தடவை அந்தமான் போய்வந்தவர். அதனால் எங்கள் தெருவில் விமான விஷயத்துக்கு அவர்தான் அத்தாரிட்டி. “பாய், மேல ஏறும்போது காது ரெண்டும் படார்னு அடைச்சுக்கும். எனக்கு மூணு நாளு கேக்கவே இல்ல. பஞ்சு வச்சிக்கோங்க” என்றார். மெத்தைக்கடைக்காரனிடம் வந்து பஞ்சு வைத்துக்கொள் என்றால் கேட்கவும் வேண்டுமா? தலையணைக்கு அடைத்த அதே பஞ்சில் ஒரு பிடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தாம்பரத்திலிருந்து விமான நிலையம் பக்கத்தில்தான். மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். ஆனால் விமானத்துக்குப் போகிறவன் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போவதா என்று டாக்ஸி பிடித்தேன். குரோம்பேட்டையில் டாக்ஸி நின்றது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தில் எழுதியிருந்த திருக்குறளை மனப்பாடம் செய்து, அதற்குப் பொருளையும் யோசித்து, டிரைவரோடு விவாதமும் செய்து முடித்தேன். வண்டி நகரவில்லை. தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. அதாவது, உங்கள் கணக்குப்படி நான் இந்நேரம் திருச்சியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளே சோதனையில் என் தலையணைகள் மெஷினுக்குள் போய் வெளியே வந்தன. மறுபடி உள்ளே போயின. மறுபடி வந்தன. சீருடை போட்ட அதிகாரி ஒருவர் அவற்றைத் தட்டிப் பார்த்து, “உள்ள என்ன?” என்று கேட்டார்.

“பஞ்சு சார்.”

“பஞ்சுக்கு உள்ள?”

“பஞ்சு சார்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையணையைக் காதருகே வைத்துக் கேட்டார். கடைசியில் கன்னத்தை அதில் சாய்த்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடிய மாதிரிகூட எனக்குத் தெரிந்தது. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, “கடை எங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர்.

விமானத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ரெக்கை இரண்டிலும் மேசை விசிறி மாதிரி பெரிய காற்றாடி! என் கடையில் இருப்பதற்காவது கம்பிவலை உண்டு. இதற்கு அதுவும் இல்லை. ஜன்னலோரம் இடம், நேரெதிரே அந்த விசிறி. பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு தம்பி உட்கார்ந்தார். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் நான் இரண்டு காதிலும் பஞ்சை நன்றாக அடைத்து, மடியில் இருந்த தலையணைகளைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடி, ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தேன். மூடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் மறக்கவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் பஞ்சு அவ்வளவு உசத்தி. விசிறி சத்தம் கேட்கவில்லை, பணிப்பெண் சொன்னது கேட்கவில்லை, மைக்கில் பைலட் பேசியதாகப் பிறகு தெரிந்ததே, அதுவும் கேட்கவில்லை. விமானம் ஆடியது, இறங்கியது, ஏறியது, வட்டமடித்தது. நான் ஓதிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு தடவை அந்தக் கோட்டுத் தம்பி என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். கண்ணைத் திறந்து, சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன். அவர் கேட்டது “புரிஞ்சுதா சார், என்ன சொல்றாங்கன்னு?” என்பதாக இருந்திருக்க வேண்டும்.

சக்கரம் தரையில் மோதியதும் கண்ணைத் திறந்தேன். வெளியே மழை கொட்டுகிறது, ஒன்றும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்! ஐம்பத்தைந்து நிமிடம் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே! எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்துவிட்டது. இறங்கியவர்கள் எல்லோரும் ஒரு மேசையைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், இவர்களுடைய பெட்டி தொலைந்துபோயிருக்கும், நம்மிடம் இருப்பது இரண்டு தலையணை மட்டும்தானே என்று நான் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும், கோபத்திலும்கூட, உங்கள் ஊரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மலைப்பு ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு பெரிய விமான நிலையம்! தலைக்கு மேலே மெட்ரோ ரயில் வேறு. நாம் தாம்பரத்துக்கு மெட்ரோ எப்போது வரும் என்று காத்துக் கிடக்க, திருச்சிக்காரர்கள் சத்தமில்லாமல் வாங்கிவிட்டார்களே என்று நினைத்தேன். எதிரே மழைக்குள் மங்கலாக ஒரு மலை. மலைக்கோட்டை! மனத்துக்குள் ஒரு சலாம் போட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். நீங்கள் பதறிப்போய், “சொல்லாம வந்துட்டீங்களே, தௌசிப் அந்தப் பக்கம்தான் சைட்டுல இருக்கான், பத்து நிமிஷத்துல வந்துடுவான், வாசல்லயே நில்லுங்க” என்றீர்கள். நின்றேன். மழைச் சாரலில் தலையணை நனைய ஆரம்பித்தது. நனைந்த இலவம்பஞ்சின் எடை உங்களுக்குத் தெரியாது. இரண்டு கையிலும் இரண்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி. பத்து நிமிடம் போனது, இருபதும் போனது. மறுபடி உங்களைக் கூப்பிட்டேன்.

“அவன் வாசல்லதாங்க நிக்கிறான். நீங்க எந்த எடத்துல நிக்கிறீங்க?” என்றீர்கள்.

“மலைக்கோட்டைக்கு நேர் எதிர்ல நிக்கிறேன்!”

“ஏர்போர்ட்ல இருந்து மலைக்கோட்டை எப்படிங்க தெரியும்?”

“என் கண்ணுக்குத் தெரியுது. உங்க பையன் கண்ணுக்கு நான் தெரியல. ரெண்டு தலையணையை வச்சிகிட்டு இந்த ஊர்ல வேற எத்தனை பேர் நிக்கிறாங்க?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஐம்பத்தைந்து நிமிடம் என்று சொல்லி இரண்டு மணி நேரம் ஆக்கிவிட்டீர்கள் என்றேன். பாத்திரக்கடைக்காரரான நீங்கள் எடையில் செய்கிற வேலையை நேரத்திலும் செய்துவிட்டீர்கள் என்றேன். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் போதாது. பெண்ணைப் பெற்றவனை மழையில் நிற்கவைக்கிற வீட்டில் என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன், சம்பந்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேரில் வந்தே சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். ‘நேரில்’ என்றால் உங்கள் கடை இருக்கிற பாலக்கரை. வந்து நின்ற ஆட்டோவில் ஏறினேன். காதில் பஞ்சு பாதி இருந்தது, பாதி ஊறியிருந்தது.

ஆட்டோக்காரர் பெயர் யேசுதாசன். கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்தது. “எங்க பாய் போவணும்?” என்றார்.

“பாலக்கரை.”

“பல்லாவரம்தான? குந்து.”

கொஞ்ச தூரம் போனதும் வழி தவறிவிடக் கூடாதே என்று, “தெப்பக்குளம் பக்கமா போயிடாதீங்க, பாத்திரக்கடை இருக்கிற தெரு” என்றேன்.

“இன்னாது, தெப்பக்குளமா? பல்லாவரத்துல ஏரிதான் கீது. அதுவும் இன்னிக்கு ரோட்டுக்கு வந்துகினு கீது.”

“ஏம்ப்பா, நான் திருச்சிக்குப் புதுசுன்னு ஏமாத்தப் பாக்கிறியா?”

அவர் வண்டியை ஓரம்கட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் குழந்தையிடம் கேட்கிற மாதிரி, “பாய், வூட்ல யாராச்சும் நம்பர் கீதா?” என்றார். அப்போதுதான் அவர் தலைக்கு மேலே அந்தப் பச்சைப் பலகை தெரிந்தது. ‘தாம்பரம்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். முதலில், திருச்சியிலும் ஒரு தாம்பரம் இருக்கிறது போலும் என்றே தோன்றியது. மனிதன் தன் தப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் உலகத்தில் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான். பிறகு, நான் தினமும் மின்சார ரயிலிலிருந்து பார்க்கிற திரிசூலம் மலையைத்தான் மலைக்கோட்டை என்று சொல்லி உங்களோடு சண்டை போட்டேன் என்பது மெதுவாக உறைத்தது. விமானம் உங்கள் ஊர் வரைக்கும் வந்து, காற்றிலும் மழையிலும் இறங்க முடியாமல் வட்டமடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் என் பஞ்சுக்கும் தவிர. யேசுதாசன் என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “பாய், திருச்சி வந்துடுச்சு” என்றார். சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்காக அவரை நான் மறக்கமாட்டேன்.

வீட்டில் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று நான் உங்களிடம் சொன்னதைச் சொன்னதும் மெஹர் பானு உள்ளே போய்விட்டாள். மழைக்காக அன்று ஆபீஸுக்கு லீவு போட்டிருந்த மெஹ்ரீன் மட்டும் அப்படியே நின்றாள். அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். “அத்தா, நான் டெய்லி கேளம்பாக்கம் ஆபீஸுக்குப் போய்ட்டு வர்றதுக்கு நாலு மணி நேரம் ஆகுது. நான் கிளம்பும்போது நீங்க தூங்குறீங்க, வரும்போது கடையில இருக்கீங்க. ஒரே வீட்டுல இருந்தும் நாம பாத்துக்கிறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயித்துக்கிழமைக்கு நீங்க திருச்சிக்கே வந்துருக்கலாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குத் தௌசிபைப் பிடித்திருக்கிறது என்பது இந்த மரமண்டைக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு மாதமாகத் தூரத்தைப் பற்றி யோசித்தேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தைக்கடைக்காரனுக்கே தூக்கம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். போக ஐம்பத்தைந்து நிமிடம், வர ஐம்பத்தைந்து நிமிடம். கூட்டினால் என் கடிகாரம் காட்டிய நேரம். நீங்கள் சொன்னது நிமிடம் பிசகாமல் சரி! ஒரு தடவைக்கு இரண்டு தடவை நானே பறந்து சோதித்துப் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணின் தகப்பனும் இவ்வளவு தீர விசாரித்திருக்க மாட்டான்.

ஆகவே, ஐயா, திருச்சி தாம்பரத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடத்தில் இருக்கிறது என்று முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான் பேசிய தகாத வார்த்தைகள் அத்தனையையும், குறிப்பாக எடை பற்றியதை, வாபஸ் வாங்குகிறேன். தௌசிபை அந்த மழையில் காக்கவைத்ததற்கு அவனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் என்னோடு போகட்டும்; என் பெண்ணுக்கு அது வேண்டாம். அவளை உங்கள் வீட்டு மருமகளாக ஏற்றுக்கொள்ளுங்கள். போனை எடுத்து ஒரு ‘ஹலோ’ மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் பேசிக்கொள்கிறேன். ரூக்சார் அவர்களுக்கு என் சலாம். தௌசிபுக்கு என் துஆ. உங்கள் வியாபாரத்தில் பரக்கத் பெருகட்டும், உங்கள் ஊர் ஓடுபாதையில் எப்போதும் வெயில் அடிக்கட்டும்.

வஸ்ஸலாம்.

தங்கள் நல்ல பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அத்தாவுல்லா.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் பிழை திருத்தித் தரச்சொல்லி மெஹர் பானுவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவள் கடைசிப் பக்கம் வரைக்கும் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மாலையே அவளும் உங்கள் வீட்டம்மாவும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்களாமே! விமானம் திரும்பிய செய்தியைத் தௌசிப் அங்கேயே விசாரித்துத் தெரிந்துகொண்டு மெஹ்ரீனுக்குச் சொல்லிவிட்டானாம். நான் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். ஜனவரியில் நிக்காஹ், பெருங்களத்தூரில் மண்டபம்வரை பேசியாகிவிட்டதாம். ஒரு வாரத்துக்கு என் போனை எடுக்கக் கூடாது, ‘நல்லா வேகட்டும்’ என்று உங்களுக்கு உத்தரவு போட்டது என் மனைவிதானாம். நீங்களும் வீட்டில் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட மனிதர் என்று தெரிந்ததில் மனம் லேசாகிவிட்டது, சம்பந்தி. இனி அப்படியே கூப்பிடுகிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நீங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முடியட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். நிக்காஹுக்கு மாப்பிள்ளையோடு அறுபது பேரும் விமானத்தில் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். மேலே ஐம்பத்தைந்து நிமிடம் பற்றி நான் எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ரயிலில் வாருங்கள், தாம்பரத்திலேயே நிற்கிறது. விமானத்தில் கிளம்பினால் நீங்கள் அறுபது பேரும் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கிவிடக்கூடும்.